‘ஃபேன்டம்’ இசையின் மூலம் ‘சஸ்பீரியா’ அல்ல

பாரிஸைச் சேர்ந்த ஜஸ்டிஸ் என்ற இருவர் எலக்ட்ரோ இசைக்குழுவின் ‘ஃபேன்டம்’ என்ற இசைத்துண்டு, 1977-இல் வெளிவந்த ‘சஸ்பீரியா’ என்ற இத்தாலியப் படத்தின் இசையிலிருந்து எடுக்கப்பட்டது என்று ஒரு தகவல் பகிரப்படுகிறது. இது தவறு.

கஸ்பார் ஓஜே, சவியே த ரோனே ஆகிய இருவரும் 2007-இல் வெளியான தங்கள் முதல் ஆல்பத்தில் ‘ஃபேன்டம்’, அதன் இரண்டாம் பகுதி ஆகிய இரண்டிலும் கையாண்டிருப்பது, 1982-இல் வந்த ‘தெனெப்ரே’ படத்தின் முகப்பிசையை. இரு படங்களையும் இயக்கியவர் டாரியோ அர்ஜென்டோ என்பதால் குழப்பம் எழுந்திருக்கலாம். ஆனால் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் வேறுபாடு உடனே புலப்படும். ‘சஸ்பீரியா’வில் மணியோசை போன்ற மெட்டும் கிசுகிசுக்கும் குரலும் உண்டு, ‘தெனெப்ரே’யிலோ நடனத்துக்கேற்ற தாளத்தின்மேல், வோகோடர் என்ற குரல் மாற்றும் கருவி வழியாக இயந்திரத்தன்மை பெற்ற ஒரு குரல், இத்தாலிய மொழியில் ‘அச்சம்’ எனப் பொருள்படும் ‘பௌரா’ என்ற சொல்லைத் திரும்பத் திரும்பப் பாடுகிறது. ஜஸ்டிஸ் வெட்டி ஒட்டி முறுக்கேற்றியது இந்தப் பகுதியைத்தான்.

இசையமைத்தவர்கள் பற்றியும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ‘சஸ்பீரியா’வுக்கு இசையமைத்தது கோப்ளின் குழு. ‘தெனெப்ரே’ உருவான காலத்தில் அக்குழு கலைந்திருந்ததால், அதன் முன்னாள் உறுப்பினர்களான கிளாடியோ சிமொனெட்டி, ஃபாபியோ பிக்னாட்டெல்லி, மாசிமோ மொராண்டே ஆகிய மூவரின் பெயர்களே படத்தில் இடம்பெற்றன. ‘ஃபேன்டம்’ பற்றி எழுதுவோர் அந்த மூவரையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதே அவர்களுக்குச் செய்யும் நியாயம்.