சமதரையில் ஓடிப் பழகிய தம்பிமாருக்கு

அக்காவின் மகனுக்குப் போன மாதம்தான் லொறி ஓட்டுகிற லைசன் கிடைத்தது. நேற்றுப் பின்னேரம் வீட்டுக்கு வந்து, "மாமா, முதலாளி மலைநாட்டுக்கு, கெப்பட்டிபொலவுக்கு மரக்கறி ஏத்தப் போகச் சொல்றார், போகட்டா?" என்று கேட்டான். அவன் முகத்தில் இருந்த சந்தோசத்தைப் பார்த்ததும் உடனே பதில் சொல்ல முடியவில்லை. இரவு முழுக்க யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். அவனுக்கு மட்டுமில்லை, நம்ம மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் புதிதாக லொறி எடுக்கிற எல்லாத் தம்பிமாருக்கும்.

நாம் ஓடிப் பழகுவது எங்கே? செங்கலடியிலிருந்து களுவாஞ்சிகுடி, கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் வரைக்கும் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவியும் வயலும். ஒரு மேடு கிடையாது. இந்த ரோட்டில் வேகத்தைக் குறைக்கக் காலுக்குக் கீழே ஒரு பெடல் போதும், அதனால் பெடல்தான் பிறேக் என்று காலும் மூளையும் பழகிவிடுகிறது. அப்படியே ஒரு நாள் அரிசி ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகிறோம். ஏறும்போது ஒன்றும் தெரியாது, எஞ்சின் முனகும், அவ்வளவுதான். திரும்பி வரும்போது கோவா, லீக்ஸ், கரட் என்று பாரம் நிறைய, இரவு நேரம், விடியமுதல் மார்க்கட்டில் நிற்க வேணும் என்ற அவசரம். அதுதான் ஆபத்தான பயணம்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். 2011, எனக்கு 26 வயது. பழைய கன்டர் லொறி ஒன்று. பதுளை தாண்டி, பசறை தாண்டி, லுணுகலைக்கு அப்பால் பிபிலைப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தேன். நாலாம் கியரில் வண்டி தானாக ஓடுகிறது, நான் பெடலில் காலை வைத்தபடியே வருகிறேன். மெதுவாகத்தானே வருகிறேன், கவனமாகத்தானே இருக்கிறேன் என்ற நினைப்பு. கொஞ்ச நேரத்தில் கருகிய மணம் வந்தது. முன்னால் போகிற வண்டியில் இருந்து வருகிறது என்று நினைத்தேன், ஆனால் முன்னால் வண்டியே இல்லை. அடுத்த வளைவில் மிதித்தபோது பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. அதற்கடுத்த வளைவில் தரையைத் தொட்டது. கிளீனர் பெடியன் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. விட்டு விட்டு மிதித்துக் கிடைத்த கொஞ்சப் பிடிப்போடு மூன்றாம் கியருக்கு இறக்கி, எஞ்சின் அலற அலற, பள்ளத்துப் பக்கத்தை விட்டு மலைப் பக்கத்து மண்ணோடு வண்டியை உரச விட்டு நிறுத்தினேன். கடவுள் புண்ணியத்தில் எதிரில் எதுவும் வரவில்லை.

பின்னால் வந்த ஒரு சிங்கள ட்ரைவர் ஐயா நிறுத்தி இறங்கி வந்தார். நான் வாளியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு சில்லுக்கு ஊற்றப் போகிறேன், ஓடி வந்து கையைப் பிடித்துவிட்டார். சில்லோடு சேர்ந்து சுற்றுகிற பிறேக் ட்ரம் கொதிக்கும்போது தண்ணீர் பட்டால் வெடித்துவிடும். சில்லுக்குக் கல் அணை வைத்துவிட்டு ஒரு மணித்தியாலம் சும்மா உட்கார் என்றார். அந்த ஒரு மணித்தியாலத்தில் அவர் சொல்லித் தந்ததை லைசன் எடுக்கும்போது எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரவில்லை.

அவர் சொன்னதன் சாரம் இதுதான். பிறேக் என்பது வேகத்தைச் சூடாக மாற்றுகிற சாமான். காலை எடுக்காமல் மிதித்துக்கொண்டே வந்தால் அந்தச் சூடு ஆறுவதற்கு நேரமே இல்லை. ட்ரம் சூட்டில் விரிகிறது, அதை உரசிப் பிடிக்கிற கட்டையான லைனர் இன்னும் தூரம் நகர வேண்டியிருக்கிறது, லைனரின் முகமும் கண்ணாடி மாதிரி வழுக்கத் தொடங்குகிறது. பிறேக் ஒயிலில் இழுபட்டிருக்கிற ஈரம் கொதித்து ஆவியானால் குழாய்க்குள் குமிழி. ஒயிலை அமுக்க முடியாது, குமிழியை அமுக்கலாம், அதனால்தான் பெடல் பஞ்சாகிறது. காற்றுப் பிறேக் உள்ள பெரிய லொறியில் குமிழிப் பிரச்சினை இல்லை, ஆனால் ட்ரம்மும் லைனரும் சூட்டில் கைவிடுவது அங்கேயும் அதேதான்.

ஆகவே தம்பி, மலையிறக்கத்தில் வேகத்தைப் பிடித்து வைக்கிற வேலை கியருக்கு, பிறேக்குக்கு இல்லை. இறக்கம் தொடங்க முதலே கியரைக் குறை. அந்த மலையை எந்தக் கியரில் ஏறுவாயோ அதில், பாரம் கூட என்றால் அதற்கும் ஒன்று கீழே. நடு இறக்கத்தில் வேகம் ஏறின பிறகு மாற்றப் போனால் கியர் விழாமல் நியூட்ரலில் நிற்கிற ஆபத்து இருக்கிறது. வண்டி நீ நினைத்த வேகத்தைத் தாண்டினால், உதாரணத்துக்கு 30ஐத் தாண்டினால், உறுதியாக மிதித்து 22, 23க்குக் கொண்டு வா, மறுகா காலை முழுசாக எடு. திரும்ப 30 வரட்டும், திரும்ப மிதி. இடையில் காலை எடுக்கிற அந்த நேரம்தான் ட்ரம் ஆறுகிற நேரம். காலை லேசாக வைத்தபடியே வருவது மென்மையான ஓட்டம் போலத் தெரியும், வண்டியை எரிப்பது அதுதான். எக்ஸோஸ்ட் பிறேக், அதாவது புகை போகிற வழியை அடைத்து எஞ்சினால் வண்டியைப் பிடிக்கிற பிறேக், இருந்தால் இறக்கம் முழுக்கப் போட்டு வை, எஞ்சின் சுற்று கூட இருக்கும்போதுதான் அது நன்றாக இழுக்கும். மழை ரோட்டில் வெறும் வண்டியோடு வந்தால் மட்டும் பின் சில்லு வழுக்கும், அப்போது கவனம்.

டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு இறங்குகிறவர்களை எனக்குத் தெரியும். இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன். அப்படிச் செய்தால் எஞ்சினின் பிடி முழுசாகப் போய்விடும், எஞ்சினையும் நிறுத்தினால் பவர் ஸ்டியரிங்கும் பிறேக்குக்கு உதவுகிற காற்றும் சேர்ந்து போகும். இரண்டு லீற்றர் டீசலுக்காக இதைச் செய்யச் சொல்லும் முதலாளியிடம் வேலை செய்யாதே.

சமதரைக்கும் கொஞ்சம் சொல்ல வேணும். 60இல் போகும்போது ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய 17 மீற்றர் ஓடுகிறோம். மாட்டைக் கண்டு கால் பிறேக்குக்குப் போவதற்குள்ளேயே அந்தத் தூரம் போய்விடும், பிடித்து நிற்பது அதற்குப் பிறகு. 40ஐ விட 60 ஒன்றரை மடங்குதான், ஆனால் பிறேக் பிடித்து நிற்கிற தூரம் இரண்டே கால் மடங்கு. நம்ம ரோட்டை நினைத்துப் பாருங்கள். அறுவடைக் காலத்தில் பாதி ரோட்டில் நெல் காயும், இராத்திரியில் லைட் இல்லாத உழவு மெசின் போகும், தார்ச்சூட்டுக்கு மாடு படுத்திருக்கும், மகாஓயா, உகனை, புணானைப் பக்கம் யானை கறுப்பாக நிற்கும், லைட் பட்டாலும் தெரியாது. டிம் லைட் எவ்வளவு தூரம் அடிக்கிறதோ அந்தத் தூரத்துக்குள் நிற்க முடிகிற வேகம்தான் இரவு வேகம். முன்னால் போகிற வண்டி ஒரு போஸ்டைத் தாண்டியதும் ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு என்று எண்ணு, ஐந்துக்கு முதல் நீ அந்தப் போஸ்டை அடைந்தால் கிட்ட நிற்கிறாய். இடைவெளி விட்டால் ஓட்டோ புகுந்துவிடும் என்பார்கள். புகட்டும், நீ இன்னும் கொஞ்சம் பின்வாங்கு.

வெறும் லொறிதானே, உடனே நிற்கும் என்றும் நினைக்காதே. அந்தப் பிறேக் பாரத்துக்காகச் செய்தது. பாரமில்லாத பின் சில்லு சட்டென்று பூட்டிக்கொண்டு வழுக்கும், வண்டி குறுக்கே திரும்பிவிடும்.

மாரியில் கிட்டங்கித் தாம்போதி (வெள்ளம் மேலால் ஓடுகிற தாழ்ந்த ரோட்டு) போன்ற இடங்களில் தண்ணீருக்குள் இறங்கி ஏறினால் ட்ரம் நனைந்திருக்கும், முதல் மிதியில் பிடிக்காது. ஆள் இல்லாத இடத்தில் மெதுவாக ஓடியபடி லேசாக மிதித்து மிதித்துக் காய வை. இது ஒன்றுதான் லேசாக மிதிப்பது சரியான இடம். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால் இறங்கவே வேண்டாம். 2024 நவம்பரில் மாவடிப்பள்ளியில் உழவு இயந்திரத்தோடு வெள்ளம் அடித்துக்கொண்டு போன பிள்ளைகளை நாம் மறக்கக்கூடாது.

காலையில் எஞ்சினைப் போட்டதும் பெடலை மிதித்துப் பிடித்துக்கொண்டிரு. மெல்ல மெல்லக் கீழே போனால் எங்கோ ஒழுகுகிறது, கராஜுக்குப் போ. காற்றுப் பிறேக் என்றால் காற்றுத் தாங்கியில் தேங்கின தண்ணீரைத் திறந்து விடு, காற்று நிறைந்ததும் எஞ்சினை நிறுத்தி மிதித்துப் பிடித்து காற்று மீற்றரின் முள் விழுகிறதா பார், சீறுகிற சத்தம் கேட்கிறதா பார். தேத்தண்ணிக்கு நிற்கிற இடத்தில் ஒவ்வொரு சில்லுக்குக் கிட்டவும் புறங்கையைக் கொண்டு போ, தொடாதே. ஒன்று மட்டும் கூடச் சுட்டால் அது பிடித்தபடியே ஓடுகிறது. ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது பிடிப்பதே இல்லை, மற்ற சில்லுகள் அதன் வேலையையும் சேர்த்துச் செய்கின்றன. இதற்கு இரண்டு நிமிடம் போதும்.

முதலாளிமாருக்கும் ஒரு வார்த்தை. மலைக்குப் போய்ப் பழகாத பெடியனை முதல் தடவை தனியாக அனுப்பாதீர்கள், அதுவும் இரவில். லைனர் மாத்த வேணும் என்று அவன் வந்து சொன்னால் அடுத்த மாசம் பார்ப்போம் என்று திருப்பி அனுப்பாதீர்கள். 2025 செப்டம்பரில் எல்ல – வெல்லவாய வீதியில் பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்த செய்தி வந்த இரவு, நான் அந்த லுணுகலை வளைவை நினைத்துக்கொண்டு விடியும் வரை முழித்திருந்தேன்.

மருமகனிடம் இன்று காலை சொல்லிவிட்டேன், போ, ஆனால் முதல் இரண்டு பயணத்துக்கு நானும் பக்கத்து சீட்டில் வருவேன், முதலாளியிடம் நான் கதைக்கிறேன் என்று. செவ்வாய்க்கிழமை புறப்படுகிறோம். திரும்பி வரும்போது லுணுகலையில் தேத்தண்ணி குடித்துவிட்டு, இறக்கம் தொடங்க முதல் எந்த இடத்தில் கியரைக் குறைக்க வேணும் என்று அவனுக்குக் காட்ட வேணும்.