‘ஆக்சிஜென் மாதிரி வராது’ என்பவர்களுக்கு

பிரெஞ்சு மின்னணு இசைக் கலைஞர் ழான் மிஷேல் ஜாரின் புது ஆல்பம் எதைப் போட்டாலும் இந்த வசனம் வந்துவிடுகிறது: “என்ன இருந்தாலும் ஆக்சிஜென் மாதிரி வராதுப்பா.” கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அது 1976-இல் வந்த ஆல்பம். வீட்டிலேயே ஸ்டூடியோ அமைத்து, 8 டிராக் டேப்பில், கையில் இருந்த சிந்தசைசர்களை (மின்னணு முறையில் ஒலி எழுப்பும் வாத்தியங்களை) வைத்து மனிதர் செய்தது. எனக்கும் அது உயிர்தான். அதற்காக ஆயுசு முழுக்க அதையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்க வேண்டுமா?

‘பழைய ஜார்’ என்று இவர்கள் யாரைச் சொல்கிறார்கள்? 1984-இல் ஜூலுக் ஆல்பம் வந்தபோதே ஆள் மாறிவிட்டாரே! பல மொழிப் பேச்சுகளைப் பதிவு செய்து, ஃபேர்லைட் என்ற கணினி வாத்தியத்தில் துண்டு துண்டாக வெட்டி, மனிதக் குரலையே வாத்தியமாக்கினார். 1990-இல் ‘வெயிட்டிங் ஃபார் கூஸ்தோ’ ஆல்பத்தின் தலைப்பு இசை முக்கால் மணி நேரத்துக்கு மேல் தாளமே இல்லாமல் மிதந்தது. அவர் எப்போது ஒரே இடத்தில் நின்றார்?

சரி, பின்னால் வந்ததெல்லாம் தங்கம் என்று நான் சொல்லவில்லை. 2007-இன் டியோ அண்ட் டியா ஆல்பம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. ஆனால் 2016-இல் ஆக்சிஜென் 3, 2018-இல் எகினாக்ஸ் இன்ஃபினிட்டி என்று பழைய பெயர்களுக்கே அவர் திரும்பி வந்தாரே, அப்போதாவது இவர்கள் திருப்திப்பட்டார்களா? அதற்கும் அதே பல்லவி!

எனக்கு வயிறு எரிவது 2022-இன் ஆக்ஸிமோர் ஆல்பம் விஷயத்தில்தான். இளவயதில் பாரிஸில் பியேர் ஷேஃபரின் இசை ஆய்வுக் குழுவில் பயின்றவர் ஜார். ரயில் சத்தம், கதவு கிறீச்சிடுவது என எதையும் இசையாக்கலாம் என்று காட்டியவர்கள் அவர்கள். அந்த மரபின் இன்னொரு பெரியவரான பியேர் ஆன்ரிக்கு அஞ்சலியாக, அவர் விட்டுப்போன ஒலிகளையும் சேர்த்துச் செய்த ஆல்பம் இது. 74 வயதில் ஒருவர் தான் தொடங்கிய இடத்துக்கே போய், அங்கிருந்து இப்படிப் புதிதாக ஒன்றைக் கொண்டுவருகிறார்! ஹெட்போனில் கேட்டால் ஒலிகள் தலையைச் சுற்றி நகரும். ஏதோ ஒன்று பின்னந்தலைக்குப் பின்னால் சரசரத்துவிட்டுப் போகும். இதைப் போய் போன் ஸ்பீக்கரில் அரை நிமிடம், அதுவும் பேசிக்கொண்டே கேட்டுவிட்டு, “மெலடியே இல்லையே” என்றால் ஆத்திரம் வராதா?

பிடிக்கவில்லையா, சொல்லுங்கள், சண்டையே இல்லை. ஆனால் ஹெட்போன் போட்டு, முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை கேட்டுவிட்டு அப்புறம் சொல்லுங்கள்.