இருபது டிகிரிக்கே இந்தப் பாடு

கடலூரில் பனி என்றால் வெள்ளையாக ஒன்றும் கொட்டாது. விடியற்காலையில் 20 டிகிரிக்குப் பக்கத்தில் இறங்கும், அவ்வளவுதான். அதற்கே என் காலைப் பொழுது நாசமாகிறது.

இரவு வாசலில் நிறுத்திய ஸ்கூட்டரின் சீட், விடிந்து பார்த்தால் குடத்துத் தண்ணீரை ஊற்றியதுபோல் இருக்கும். துடைத்துவிட்டு உட்கார்ந்தாலும் எப்படியோ பேன்ட் நனைந்துவிடும். ஹெல்மெட் கண்ணாடியை இறக்கினால் மூச்சு பட்டு மங்குகிறது. ஏற்றினால் கெடிலம் பாலத்துக் காற்று கண்ணில் ஊசியாய் இறங்குகிறது. எதிரே வருகிறவர்கள் எல்லாரும் ஹை பீம். பனிமூட்டத்தில் அந்த வெளிச்சம் நீர்த்துளிகளில் பட்டு அவர்கள் கண்ணுக்கே திரும்பும், லோ பீம்தான் உதவும். யாரிடம் போய்ச் சொல்வது?

மாடியில் காயப்போட்ட துணி... சரி, அதை விடுங்கள்.

அம்மா வேறு, "தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்டா" என்று மங்கி குல்லாவை நீட்டுகிறார். இப்போதுதான் மார்கழியே நடக்கிறது!

ஹூஸ்டனில் இருக்கும் அக்காவிடம் புலம்பினேன். சிரித்துவிட்டாள். 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் பனி கொட்டி, கரண்ட் போய், குழாய்கள் உறைந்து வெடித்தபோது அங்கே இருந்தவள். "வெயிலுக்குக் கட்டின வீடுடா இதெல்லாம்" என்றாள். நியாயம்தான். அதற்காக என் சீட் காய்ந்துவிடுமா?

நாளை முதல் சீட்டுக்குப் பாலிதீன் பை கட்டப் போகிறேன். தெருநாய் இழுத்துக்கொண்டு போகாமல் இருந்தால் சரி.