பயாப்சி முடிவு வரும்வரை

அக்காவின் மார்பில் தென்பட்ட கட்டியிலிருந்து பயாப்சி என்னும் திசுச் சோதனைக்குச் சதை எடுத்த நாள் முதல் முடிவு கைக்கு வரும்வரை நாங்கள் கடந்த நாட்களைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். அந்த நாட்களில் மருந்து எதுவும் தரப்படுவதில்லை என்பதாலேயே நோயாளிக்கு எதுவும் தேவையில்லை என்று மருத்துவமனையும் குடும்பமும் கருதிவிடுகின்றன. இது பெருந்தவறு.

மேமோகிராம் என்னும் மார்பக எக்ஸ்ரே அறிக்கையில் ‘பைராட்ஸ் 4பி’ என்று இருந்தது. அதை நான்காம் நிலைப் புற்றுநோய் என்று எண்ணிய அக்கா அன்றிரவு உறங்கவேயில்லை. அந்த எண் நோயின் நிலையைச் சொல்வதன்று, ஐயத்தின் அளவைச் சொல்வது. பைராட்ஸ் 4 என்ற ஒரே வகைக்குள் புற்றுநோய்க்கான வாய்ப்பு 2 விழுக்காட்டிலிருந்து 95 விழுக்காடு வரை அடங்குவதால்தான் அதை 4ஏ, 4பி, 4சி என்று பிரிக்கிறார்கள். இதை விளக்க ஒரு நிமிடம் போதும்; எவரும் விளக்கவில்லை.

காலையில், “கட்டி என்றால் எல்லாமே புற்றுநோயா?” என்று தெம்பாகக் கேட்டபடி அக்கா இட்லிக்கு அரிசி ஊறவைப்பார். நண்பகலில் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எடுக்கக் கை வராது. மாலையில் பழனிக்கு முடிகாணிக்கை நேர்ந்துகொண்டு சற்று ஆறுதல் அடைவார். இரவிலோ நகை அடகு ரசீதும் மகளின் சான்றிதழ்களும் எந்தப் பெட்டியில் இருக்கின்றன என்று என்னை அழைத்துக் காட்டுவார். ஒன்றுமிருக்காது என்று நம்பிய மறுகணமே, அப்படி நம்பியதற்காகவே கெட்டது வந்துவிடுமோ என்று அஞ்சுவார்.

சொன்ன நாளில் முடிவு வராதபோது, தாமதமே கெட்ட செய்தி என்று வீடு முழுவதும் முடிவு கட்டிவிட்டது. உண்மையில், மார்பிலிருந்து எடுத்த சதை, கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் குறைந்தது 6 மணி நேரமும் 72 மணி நேரத்துக்கு மிகாமலும் இருக்க வேண்டும். அதன்பின் மெழுகில் பதித்து, சில மைக்ரான் தடிமனில் சீவி, சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். ஐயம் தீராவிட்டால் இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி என்ற கூடுதல் சோதனைக்கு மேலும் நாட்கள் பிடிக்கும். அச்சோதனை கேட்கப்பட்டதாலேயே நோய் உறுதி என்று பொருளாகாது.

இதற்கிடையில் உறவினர் சிலர் மருத்துவரைத் தனியே சந்தித்து, எதுவானாலும் அவளிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். அவர்களுடைய அன்பை நான் ஐயுறவில்லை. ஆனால் தான் அறைக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றுவிடுவதைக் கண்ட அக்கா, உள்ளதைவிடக் கொடியதைக் கற்பனை செய்துகொண்டார். “என் உடம்பைப் பற்றி எனக்குத்தான் கடைசியாகத் தெரிய வேண்டுமா?” என்று அவர் கேட்டதற்கு எங்களில் ஒருவரிடமும் பதில் இல்லை.

புற்றுநோய் உறுதியாயிற்று, கீமோ நடக்கிறது. அடுத்து என்ன செய்யப்போகிறார்கள் என்பதை மருத்துவரிடம் அவரே கேட்டறிகிறார். காத்திருந்த நாட்களைவிட இப்போது நன்றாக உறங்குகிறேன் என்கிறார்.

சதை எடுக்கும் நாளிலேயே, முடிவு எப்போது வரக்கூடும், தாமதமானால் எந்த எண்ணில் யாரைக் கேட்பது, முடிவை எந்த மருத்துவர் நேரில் சொல்வார் என்பதை ஒரு தாளில் எழுதி நோயாளியின் கையிலேயே கொடுக்க வேண்டும். அறிக்கையைக் கைபேசிக்கு அனுப்பிவிட்டு, அதன் பொருளை அறிய மருத்துவர் வரும் நாள்வரை நோயாளியைக் காக்கவைக்கும் வழக்கத்தை மருத்துவமனைகள் உடனே கைவிட வேண்டும்.