‘ஒரு பிடி மண்கூட எடுக்காமல்’ குழாய் சீரமைப்பு: உண்மை விளக்கம்

வீட்டுக் கழிவுநீர்க் குழாய் எவ்வளவு பழுதடைந்திருந்தாலும், ஒரு பிடி மண்கூட எடுக்காமல் அதைப் புதிதாக்கிவிடலாம் என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றி வருகிறது. இது பாதி உண்மைதான்.

பிசினில் ஊறிய துணி உறையைக் காற்றழுத்தத்தாலோ நீரழுத்தத்தாலோ பழைய குழாய்க்குள் உட்புறம் வெளிப்புறமாகப் புரட்டிச் செலுத்தி, வெந்நீர், நீராவி அல்லது புற ஊதாக் கதிரால் இறுகச் செய்வதே அந்த முறை. பிசின் உறையைப் பழைய குழாய்க்குள்ளேயே இறுகச் செய்யும் இந்த உத்தியைப் பொறியாளர் எரிக் வுட் 1971-இல் லண்டனில் முதன்முதலாகச் செய்து காட்டினார். ஆனால், உறை பழைய குழாயின் வடிவத்தையே ஏற்பதால், நடுவில் தொய்ந்து கழிவுநீர் தேங்கும் பகுதி உறையிட்ட பின்னும் தொய்ந்தேதான் கிடக்கும். இடிந்து முற்றிலும் அடைபட்ட இடத்திலோ உறை நுழையவே வழியில்லை. பக்கவாட்டு இணைப்புகளின் வாயையும் உறை மூடிவிடும் என்பதால், ரோபோ வெட்டுக்கருவியை உள்ளே அனுப்பி அவற்றைத் திறக்க வேண்டும். செய்தியில் இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

கூம்புத் தலை ஒன்று பழைய குழாயை உடைத்து மண்ணுக்குள் ஒதுக்கியபடியே புதிய பாலிஎதிலீன் குழாயை இழுத்துவரும் மாற்று முறைக்கு வழக்கமாக இரு முனைகளிலும் பள்ளம் தேவை. இடையில் கிளைக்குழாய்கள் இருந்தால் அங்கும் தோண்ட வேண்டியிருக்கும்.

குடிநீர்க் குழாய்க்குக் கழிவுநீர்க் குழாயின் பிசினையே பயன்படுத்தலாம் என்று அந்த வாட்ஸ்அப் செய்தியில் உள்ள வரி அபாயகரமானது. குடிநீரோடு தொடர்புகொள்ளத் தகுதிச் சான்று பெற்ற பொருளையே அதில் பயன்படுத்த வேண்டும்.