போர் முடிந்த பிறகு 22 ஆண்டுகள்

இரண்டாம் உலகப் போரில் பிலிப்பைன்ஸில் ஜப்பானியருக்கு எதிராக ஒற்று வேலை பார்த்த ஹோசபினா கெரேரோவைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் அவருடைய அடக்கத்தைப் புகழ்கிறார்கள். இவ்வளவு செய்துவிட்டு வெளியில் மூச்சு விடவில்லையே என்று. அதை அடக்கம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. பேசினால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

மணிலாவில் ஒரு டாக்டரின் மனைவி அவர். வயது இருபதுகளின் நடுவில் இருக்கும்போது தொழுநோய் என்று தெரிகிறது, சின்ன மகளைப் பிரிய வேண்டி வருகிறது. 1942 ஜனவரியில் ஜப்பானியப் படை மணிலாவுக்குள் நுழைகிறது. தலைமறைவுப் போராளிகளோடு சேர்ந்த ஹோசபினா, துறைமுகப் பக்கம் விமான எதிர்ப்புப் பீரங்கிகள் எங்கே நிற்கின்றன என்று பார்த்து வரைந்து கொடுத்தார், ரகசியச் செய்திகளைக் கொண்டுபோனார். முகத்திலும் கையிலும் இருந்த புண்களைப் பார்த்ததும் சோதனைச் சாவடிச் சிப்பாய்கள் விலகி நின்றுகொள்வார்கள், தொட்டுச் சோதிக்க மாட்டார்கள்.

1945 தொடக்கத்தில் அமெரிக்கப் படை வடக்கிலிருந்து மணிலாவை நோக்கி வந்துகொண்டிருந்தது. அவர்களிடம் பழைய வரைபடம்தான் இருந்தது. அதில் ஆபத்தில்லை என்று காட்டியிருந்த பாதையில் ஜப்பானியர் புதிதாகக் கண்ணிவெடி புதைத்திருந்தார்கள். திருத்திய வரைபடத்தை முதுகில் ஒட்டிக்கொண்டு, 50 கிலோமீட்டருக்கும் மேல், பெரும்பாலும் நடந்தே போய் 37ஆவது காலாட்படைப் பிரிவிடம் சேர்த்தார். தலைவலியும் காய்ச்சலுமாக இருந்த உடம்பு அது. அடுத்து வந்த மணிலா சண்டையில் ஏறக்குறைய ஒரு லட்சம் பொதுமக்கள் செத்தார்கள். அந்த நாட்களிலும் காயம்பட்டவர்களைப் பார்த்துக்கொண்டார்.

சரி, போர் முடிந்தது. மணிலாவுக்கு வடக்கே தாலா தொழுநோய்க் காப்பகத்தில் கொண்டுபோய் விட்டார்கள். சாவடியில் அவரைக் காப்பாற்றிய அதே பயம் இப்போது அவரையே அடைத்து வைத்தது. சகிக்க முடியாத அந்த இடத்தைப் பற்றியும் வெளியே எழுதி அம்பலப்படுத்தினார். வரைபடம் சுமந்ததைவிட இதுதான் பெரிய காரியம் என்பேன். இதைச் செய்யச் சொல்லி யாரும் அவரை அனுப்பவில்லை, இதற்கு யாரும் பதக்கம் தரப்போவதுமில்லை.

1948இல் லூசியானாவின் கார்வில் மருத்துவமனைக்குச் சிகிச்சைக்காக அனுமதித்தது அமெரிக்கா. சுதந்திரப் பதக்கமும் கொடுத்தது. சல்ஃபோன் மருந்தில் குணமாகி 1957இல் வெளியே வந்தார். அப்புறம் அதே அமெரிக்காவின் குடிவரவு அதிகாரிகள் அவரை நாடு கடத்தப் பார்த்தார்கள்! நண்பர்கள் போராடிப் போராடி, 1967இல்தான் குடியுரிமை கிடைத்தது. அதன்பின் வாஷிங்டனில் வேறு பெயரில் வாழ்ந்தார். 1996இல் இறந்தபோது செய்தித்தாளில் வந்த இரங்கல் குறிப்பில் போரைப் பற்றி ஒரு வரி இல்லை.

போரைச் சொன்னால் நோயையும் சொல்லியாக வேண்டும். குணமான பிறகும் அந்த நோயின் பெயரைக் கேட்டாலே மனிதர்கள் எழுந்து போன காலம் அது. அதனால்தான் அவர் வாயைத் திறக்கவில்லை என்று நான் நம்புகிறேன். ஆக்கிரமிப்புக் காலத்து மூன்று ஆண்டுகளைப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, 1945 முதல் 1967 வரையிலான 22 ஆண்டுகளை இரண்டு வரியில் முடிக்கிறவர்களிடம் எனக்கு ஒரே வேண்டுகோள்: அதையும் எதிர்ப்புப் போராட்டம் என்றே எழுதுங்கள்.