24 மணி நேரம் பாரீஸுக்குச் சரி, பாலக்காட்டுக்கு?

கோமாரி மாதிரி கால்நடை நோய் வந்தால் 24 மணி நேரத்தில் உலகத்துக்கே சொல்லியாக வேண்டும், அப்புறம் என்ன பயம் என்கிறார்கள். விதி இருப்பது உண்மை. அது எந்த நோய்க்கு என்பதுதான் கேள்வி.

பாரீஸில் இருக்கும் உலக விலங்கு சுகாதார அமைப்பு 1924-ல் பிறக்கக் காரணமே நம்ம ஊர் மாடுகள். 1920-ல் இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குப் போன மாடுகள் வழியில் ஆண்ட்வெர்ப்பில் இறங்க, பெல்ஜியத்தில் வெக்கை நோய் (ரிண்டர்பெஸ்ட்) பரவியது. எனவே அந்த அவசர அறிவிப்பு முக்கியமாகப் புதிதாக நுழையும் நோய்க்கும், ஓய்ந்தபின் மறுபடி தலைதூக்கும் நோய்க்கும்தான். 2006-ல் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில், இந்தியாவிலேயே முதன்முதலாக வந்த பறவைக் காய்ச்சல் அந்த ரகம். கோமாரியோ (கால், வாய் நோய்) இங்கேயே குடியிருக்கும் நோய். அரையாண்டு அறிக்கையில் எண்ணாகப் போய்ச் சேரும், அவ்வளவுதான்.

பொள்ளாச்சிச் சந்தையில் வியாழக்கிழமை கைமாறும் மாடு ராத்திரிக்குள் கேரள எல்லையிலுள்ள கோபாலபுரம் சோதனைச் சாவடி தாண்டிவிடும். கிருமி புகுந்து அறிகுறி தெரிய 2 முதல் 14 நாள் ஆகலாம். எச்சில் ஒழுகும் முன்பே பாலில் கிருமி வரும். சாவடியில் டயருக்கு மருந்து அடிப்பதால் இது நிற்காது. லாரித் தளத்தில் சாணி அப்பியிருந்தால் மேலே தெளிக்கும் மருந்து வீண். முதலில் சுரண்டிக் கழுவ வேண்டும், பிறகு 100 லிட்டர் தண்ணீருக்கு 4 கிலோ சலவைச் சோடா. (அதற்குச் சாவடியில் முதலில் தண்ணீர்க் குழாய் வேண்டும்.)

சாம்பிளிலும் கோட்டை விடுகிறோம். ஆய்வகத்துக்குத் தேவை புதுக் கொப்புளத்தின் தோல், 1 கிராமாவது. அதைப் போட்டு அனுப்பும் கரைசலில் கிளிசரினும் பாஸ்பேட் கரைசலும் சரிபாதி, பிஎச் (அமில, கார அளவு) 7.2 முதல் 7.6. கரைசல் அமிலமானால் வைரஸ் செத்துப்போகும், 'இல்லை' என்று ரிசல்ட் வரும். ஆகவே டாக்டர் தோல் எடுக்கும்வரை மாட்டின் வாயைக் கழுவி மருந்து தடவாதீர்கள்.

கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புக்கான 2009 சட்டப்படி அண்டை மாநிலக் கால்நடைத் துறை இயக்குநருக்கு நம் இயக்குநர் தெரிவிக்க வேண்டும். காகிதம் சென்னை, திருவனந்தபுரம் சுற்றிப் பாலக்காடு இறங்குவதற்குள் அடுத்த சந்தையும் கூடிக் கலைந்திருக்கும். எல்லையின் இரு பக்க டாக்டர்களும் ரிசல்ட்டுக்குக் காத்திராமல், சந்தேகம் வந்த அன்றே நேரடியாகப் போனில் பேசிக்கொள்ள எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும் என்பது என் கட்சி. சந்தை படுத்துவிடும் என்பார்கள் வியாபாரிகள். ஒரு வாரம் படுக்கட்டுமே! கோமாரி கண்ட கறவை மாட்டின் பால் சில சமயம் அந்த ஈத்து முழுக்கப் பழைய அளவுக்குத் திரும்பாது.

கால்நடை மருத்துவ உதவி எண் 1962-க்கு அழைக்கும்போது வெறுமனே "மாடு சாப்பிடல" என்று சொல்லாதீர்கள். மொத்தம் எத்தனை, நோய் கண்டது எத்தனை, செத்தது எத்தனை, முதலில் தெரிந்த தேதி, கடைசியாக மாடு எந்தச் சந்தையில் வாங்கினீர்கள், தடுப்பூசி எப்போது போட்டது என்று சொல்லுங்கள்.